ஒரு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர்

திருநெல்வேலி டவுணில் ஜவுளிக்கடை வைத்திருந்த சிவசைலம் அண்ணாச்சி, பள்ளிக்கூடமும் ஒரு கடைதான் என்பதை மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொண்டவர். அவர் ஆரம்பித்த ஆங்கிலப் பள்ளிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊர் அதை அண்ணாச்சி ஸ்கூல் என்றே சொன்னது. சுற்றிலும் அதே மாதிரிப் பள்ளிகள் முளைத்துவிட்ட பிறகு, தொண்ணூற்றேழாம் வருஷம் கோடை விடுமுறையில், டவுண் சுவர்களிலெல்லாம் ஒரு வாசகத்தை எழுத வைத்தார். ‘ஒரு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர்.’ அந்த வருஷம் சேர்க்கைக்கு நின்ற கூட்டம், தீபாவளிக்கு முந்தின நாள் அவருடைய கடையில் நிற்கும் கூட்டத்தைவிடப் பெரிது.

அந்தச் சுவரைப் படித்துவிட்டுத்தான் சாலோமியும் வேலை கேட்டு வந்தாள். விக்கிரமசிங்கபுரத்துப் பெண். அப்பா மில் தொழிலாளி. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருந்தாள். படித்தாளே தவிர, கம்ப்யூட்டரைத் தொட்டது குறைவு. குளிரூட்டிய அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு மெஷினைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். துணிச்சல்காரி ஒருத்தி தட்டுவாள், மற்றவர்கள் பார்ப்பார்கள். சாலோமியின் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். பரீட்சைத் தாளில் பேனாவால் புரோகிராம் எழுதி எழுதியே அவள் முதல் வகுப்பில் தேறினாள். யாரும் தள்ளிவிடாமல், யாருக்கும் விட்டுக்கொடுக்காமல், ஒரு பிள்ளை தனக்கென்று ஒரு மெஷின் முன்னால் உட்காரும் என்பதை நினைத்தபோதே அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

ஜூனில் பள்ளி திறந்தது. அறை இருந்தது, மேசைகள் இருந்தன, மெஷின்கள் இல்லை. “வந்துக்கிட்டிருக்கும்மா,” என்றார் அண்ணாச்சி. சும்மா இருக்க மனமில்லாமல் சாலோமி அட்டைகளை வெட்டி, கீபோர்டு மாதிரியே கட்டம் போட்டு எழுத்துகளை எழுதி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். அட்டையில் தட்டித் தட்டியே எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குப் பழகிவிட்டது.

அதில் முஃபீதா என்ற பெண் மற்றவர்களைவிட வேகம். மேலப்பாளையத்திலிருந்து வேனில் வருகிறவள். மெலிந்த கை, நுனி நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு தட்டுவாள். அட்டையைப் பார்க்காமல் சாலோமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வாக்கியம் முழுக்கத் தட்டிவிட்டு, “என்ன எழுதுனேன்னு கண்டுபிடிங்க மிஸ்,” என்பாள். அட்டையில் எழுத்து விழாது. சாலோமி அந்த விரல்கள் போன வழியை ஞாபகப்படுத்திப் பார்த்து, “எனக்குப் பசிக்குதுன்னு எழுதியிருக்க,” என்று சொன்னால் அவளுக்குத் தாங்க முடியாத சிரிப்பு வரும்.

ஆவணியில் ஒரு லாரி வந்தது. பிள்ளைகள் ஜன்னல்களில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள். இறங்கியவை எல்லாம் எங்கோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட மானிட்டர்கள். கூடவே அதே எண்ணிக்கையில் கீபோர்டுகள், வெற்றுத் தகரப் பெட்டிகள். மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் பெட்டிகளை மேசைக்கு அடியில் வரிசையாக வைத்து, பிள்ளைகள் கால் பட்டு நகராதபடி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு செங்கல்லை வைத்து மூடினான். கீபோர்டு வயர்கள் மேசையில் போட்ட துளைக்குள் இறங்கி அங்கேயே நின்றன. அறையின் கடைசியில் பிளைவுட் தடுப்பு ஒன்று அடித்து, அதற்குப் பின்னால் ஒரே ஒரு உண்மையான கம்ப்யூட்டரை வைத்தான். அதன் திரையில் என்ன தெரிகிறதோ, அது எல்லா மானிட்டர்களிலும் தெரியும்.

சாலோமி நேராக அண்ணாச்சியின் அறைக்குப் போனாள்.

“ஏம்மா, இத்தனையும் ஒரே நேரத்துல உயிரோட வாங்க முடியுமா?” என்றார் அவர். கோபமே இல்லை. “ரூம் ரெடி, மேசை ரெடி. பொங்கலுக்குள்ள உள்ளுக்கு இருக்க வேண்டியதெல்லாம் வாங்கிப் போட்டுருதேன். அதுவரைக்கும் பாக்க லெச்சணமா இருக்கணும்லா.”

“பிள்ளைங்க தட்டுனா எழுத்து வராது அண்ணாச்சி.”

“வரும். நீ தடுப்புக்கு அங்கன இருந்து மைக்குல எழுத்தச் சொல்லு. அவங்க தட்டட்டும், நீயும் தட்டு. எல்லாத்துலயும் வரும்.”

ஆசிரியர் அறையில் தமிழ் எடுக்கும் கோமு டீச்சரிடம் அவள் இதைச் சொன்னாள். கோமு டீச்சர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். “நான் சேந்தப்ப சயின்ஸ் லேப்னு காட்டுனாவ. பாட்டில் பூரா கலர்த் தண்ணி. ஒரு பிள்ளைக்காவது தெரியுமான்னு கேளு. பொங்கல் வரைக்கும்தான சொல்லுதாரு, பைய இரு.”

சாலோமி இருந்தாள். இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தடுப்புக்குப் பின்னால் அந்த ஒற்றை மெஷின் முன்னால் உட்கார்ந்த முதல் நாள், விசையைத் தொட்டதும் எழுத்து வந்து விழுந்ததைப் பார்த்து அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பின்னால் யாரும் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் போன பிறகும் சாவகாசமாக உட்கார்ந்து, கல்லூரியில் காகிதத்தில் எழுதிய புரோகிராம்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். அந்தப் பள்ளியில் தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தது அவள் ஒருத்திக்குத்தான். அதை எண்ணி அவள் வெட்கப்பட்டாள். ஆனாலும் மறுநாள் சீக்கிரமே வந்தாள்.

திறப்பு விழாவுக்குப் பெற்றோர் திரண்டு வந்தார்கள். அறையின் ஒரு பக்கச் சுவரை இடித்துக் கண்ணாடி போட்டிருந்தார்கள். தூசி ஆகாது என்று சொல்லி யாரையும் உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால், வரிசை வரிசையாகப் பிள்ளைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒளிரும் ஒரு பெட்டி, எல்லோரும் ஒரே சீராகத் தட்ட எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஓட்டல் முதலாளி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓர் அம்மா கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்து, “அண்ணன் எழுதுதான் பாரு,” என்று காட்டினாள். அதன் பிறகு சனிக்கிழமைதோறும் பார்வை நேரம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிப் போய்விட்டு, அப்படியே இங்கேயும் கூட்டி வந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள், வகுப்பு முடிந்து மற்றவர்கள் ஓடிய பிறகு முஃபீதா தடுப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

“மிஸ், நீங்க எம் சொன்னப்ப நான் இசட் அடிச்சேன். எம்தான் வந்துச்சு.”

“கை தவறியிருக்கும்.”

“இல்ல மிஸ். அப்புறம் கையே வைக்கல. அப்பவும் வந்துச்சு.”

சாலோமியின் விரல்கள் அப்போதும் உண்மையான கீபோர்டின்மேல்தான் இருந்தன. அவள் அவற்றை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“என்னுது ரிப்பேரா மிஸ்?” முஃபீதாவே வழி சொல்லிக் கொடுத்தாள்.

“ஆமா,” என்றாள் சாலோமி. “பொங்கலுக்குச் சரியாகிரும்.”

முஃபீதா நம்பினாள். டீச்சர் சொன்னதை நம்பாமலிருக்க அவளுக்கு அதுவரை ஒரு காரணமும் இருக்கவில்லை.

பொங்கல் வந்து போனது. தகரப் பெட்டிகளில் செங்கல் செங்கலாகவே இருந்தது. சாலோமி கேட்டபோது அண்ணாச்சி, புதிதாக இரண்டு வகுப்பறை கட்டுகிற கஷ்டத்தை விவரமாகச் சொன்னார்.

தை கடைசியில் வெளியூரில் பள்ளி நடத்தும் பெரியவர் ஒருவர் வந்தார். இதே போல் ஒன்றைத் தன் ஊரிலும் வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அண்ணாச்சியால் அவரைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த முடியவில்லை. உள்ளே வந்தவர் இரண்டாவது வரிசையில் நின்று, குனிந்து, “உன் பெயரை அடித்துக் காட்டு, பார்ப்போம்,” என்றார்.

எழுந்து நின்றது முஃபீதா. “என்னுது ரிப்பேர் சார். பொங்கலுக்குச் சரியாகும்னு மிஸ் சொன்னாங்க. இன்னும் ஆகல.” பெரியவர் அடுத்த மேசைக்குத் திரும்புவதைப் பார்த்து, உதவி செய்கிற மாதிரி அவளே சொன்னாள். “அதுவும் ரிப்பேர்தான் சார். நான் எல்லாத்துலயும் அடிச்சுப் பாத்துட்டேன். எல்லாம் மிஸ் சொல்லுததைத்தான் எழுதுது.”

தடுப்புக்குப் பின்னால் சாலோமி கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி சிரிப்பது கேட்டது. அந்தப் பிள்ளை கொஞ்சம் ஒரு மாதிரி என்று அவர் சொல்வதும், வந்தவர் சேர்ந்து சிரிப்பதும் கேட்டன. வந்தவர் புரிந்துகொண்டுதான் சிரித்தார். போகும்போது மெக்கானிக்கின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் முஃபீதாவின் அம்மா ஆபிதா பீவியை வரச் சொன்னார்கள். உன் மகள் இஷ்டத்துக்குத் தட்டி மெஷினைக் கெடுத்துவிட்டாள், விருந்தாளி முன்னால் பொய்யும் சொன்னாள் என்றார் அண்ணாச்சி. சாலோமியும் அங்கே நிறுத்தப்பட்டிருந்தாள். ஆபிதா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மகளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஏதாவது சொல்வாள் என்று அவள் காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு மகளின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். முஃபீதா அழவில்லை. அவளும் டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் பிரார்த்தனைக் கூட்டத்தில், நான் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டேன், என்னை மன்னியுங்கள் என்று ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து முஃபீதா ஒப்பித்தாள். ஓர் இலக்கணப் பிழைகூட இல்லாமல் ஒப்பித்ததற்காக ஆங்கில ஆசிரியை அவளைப் பாராட்டினார்.

அன்று சாயங்காலமே சாலோமி பஸ் ஏறி மேலப்பாளையம் போனாள். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். ஆபிதா பீவி அவளை உள்ளறைக்குக் கூட்டிப் போய்ப் பாய் விரித்து உட்கார வைத்து, கதவைச் சாத்தினாள்.

“முஃபீதா மேல தப்பு இல்லைங்க,” என்று சாலோமி தொடங்கினாள். செங்கல், தடுப்பு, ஒற்றை மெஷின், எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

ஆபிதா பீவியின் முகத்தில் ஆச்சரியம் இல்லை. “எம் மவ பொய் சொல்லமாட்டான்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? அங்கன நிக்கும்போதே தெரியும்.”

“தெரிஞ்சுமா அடிச்சீங்க?”

“நீங்க தெரிஞ்சும் பேசாமத்தான நின்னிய.”

ஆபிதா பீவி குரலைத் தாழ்த்தினாள். வெளியே மாமியாரும் கொழுந்தன் பீர் முகம்மதுவும் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

“அவ வாப்பா சவுதியில இருக்காவ. இங்க எல்லாம் எங்க மாமி சொல்லுததும், கொழுந்தன் சொல்லுததும்தான். அஞ்சாவது போதும், அதுக்கு டவுணுக்கு எதுக்கு அனுப்பணும்னாவ. நான்தான் சண்ட போட்டேன். அங்க பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டரு, நாளைக்கு வீட்டுல இருந்தே வேலை பாக்கலாம்னு சொல்லிச் சொல்லி, அவ வாப்பாவ எம் பக்கம் இழுத்தேன். இப்ப அதுவே பொய்னா, நான் சொன்னது பூராவும் பொய்னு ஆயிரும். படிப்ப நிறுத்திப்புடுவாவ டீச்சர். கம்ப்யூட்டரு இல்லன்னா போட்டும். கணக்கு இருக்கு, சயின்ஸ் இருக்கு. அது நெசந்தான?”

“நெசந்தான்.”

“அப்ப விட்டுருங்க. உங்க காலப் பிடிச்சிக் கேக்கேன்.”

முஃபீதா தட்டில் முறுக்கும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். கூடத்தில் விருந்தாளிகளுக்கு வைக்கிற மாதிரி, முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

சாலோமியால் விட முடியவில்லை. முஃபீதா வகுப்பில் மைக் குரலுக்கு ஏற்ற மாதிரி தட்டினாள், இசட் எதுவும் அடிக்கவில்லை, எதையும் கேட்கவுமில்லை. அதைத் தடுப்பின் இடுக்கு வழியே பார்க்கப் பார்க்க, தன் கையால் ஒரு விளக்கை ஊதி அணைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. டவுண் சுவர்களில் வாசகத்துக்குப் புது வர்ணம் ஏறிக்கொண்டிருந்தது. ஒருத்தியின் வாயால் வெளியே வந்தால்தானே அந்த ஒருத்தியின் படிப்புக்கு ஆபத்து, எல்லாப் பெற்றோரும் ஒரே நேரத்தில் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து அண்ணாச்சியைக் கேட்பார்கள், அவரால் என்ன செய்ய முடியும் என்று அவள் கணக்குப் போட்டாள். கல்லூரியில் காகிதத்தில் அவள் எழுதிய புரோகிராம்களைப் போலவே அது சுத்தமாக இருந்தது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. கண்ணாடிக்கு வெளியே கூட்டம் நெரிந்தது. அண்ணாச்சி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மேலப்பாளையத்து வீட்டிலிருந்து ஆபிதா பீவியும், அண்ணன் மகள் எழுதுவதைப் பார்க்க முதல்முறையாக வந்த பீர் முகம்மதுவும் நின்றார்கள்.

சாலோமி மைக்கில் சொன்னாள். “எல்லாரும் கையத் தூக்கித் தலையில வைங்க.”

பிள்ளைகள் வைத்தார்கள். சாலோமி தடுப்புக்குப் பின்னால் தட்டத் தொடங்கினாள். அத்தனை மானிட்டர்களிலும் எழுத்துகள் ஓடி வந்தன. ‘இதை எந்தப் பிள்ளையும் எழுதவில்லை’ என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி, அதையே திரும்பத் திரும்ப எழுதித் திரையை நிரப்பினாள். பிறகு தடுப்பிலிருந்து வெளியே வந்து கண்ணாடியைப் பார்த்து நின்றாள்.

கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டல் முதலாளி பக்கத்திலிருந்தவரின் தோளைத் தட்டி, “கையே வைக்கலவே, அதுவா எழுதுது,” என்று சொல்வது அவர் வாயசைவிலேயே தெரிந்தது.

அந்தக் கூட்டத்தில் ஆங்கிலம் சரளமாகப் படிக்கிறவர் குறைவு. வங்கியில் வேலை பார்த்த லக்ஷ்மிநாராயணன் என்பவர் படித்தார். அவர் மகன் கிரீஷ் முதல் வரிசையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவருடைய உதடுகள் அசைந்து, நின்றன. பக்கத்திலிருந்தவர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

சாலோமி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். “இந்த ரூமுல இருக்கது ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான்,” என்றாள். எல்லோருக்கும் கேட்டது. “பிள்ளைங்க தட்டுதது எதுலயும் சேரல. வயர் மேசைக்கு அடியில தொங்குது. வேணும்னா உள்ள வந்து பாருங்க.”

கைதட்டல் நின்றது. அண்ணாச்சி மட்டும் பதறவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் சாயம் போகிறது என்று சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தால் அவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. “டீச்சருக்குச் சம்பளம் கூட்டலன்னு வருத்தம்,” என்றார் பொதுவாக.

யாரும் உள்ளே போகவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. நான்கடி எடுத்து வைத்தால் பார்த்துவிடலாம். அந்த நான்கடியை எடுத்துவைக்க அங்கே ஒருவருக்கும் கால் வரவில்லை என்பதைச் சாலோமி பார்த்துக்கொண்டே நின்றாள்.

பீர் முகம்மது ஆபிதா பீவியைத் திரும்பிப் பார்த்தார். “என்ன மைனி இது? இதுக்கா அவ்வளவு சொன்னிய?”

ஆபிதா பீவி ஓரடி முன்னால் வந்தாள். சாலோமியைப் பார்க்காமல் பேசினாள். “டீச்சர் பொய் சொல்லுதாவ. எம் மவ தெனமும் வீட்டுல வந்து சொல்லுதா, இன்னைக்கு இது எழுதுனேன், அது எழுதுனேன்னு. அவளே எழுதாமலா சொல்லுவா?”

அண்ணாச்சி அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உள்ளே திரும்பி, “ஏ பிள்ள, இங்கன வா,” என்றார். தலையில் வைத்த கையை எடுக்கலாம் என்று யாரும் சொல்லாததால், முஃபீதா வைத்த கை வைத்தபடியே வாசலுக்கு வந்தாள்.

“நீயே சொல்லு. உன் கம்ப்யூட்டர்ல எழுதுதது யாரு?”

முஃபீதா அம்மாவைப் பார்த்தாள். சாச்சா பீர் முகம்மதுவைப் பார்த்தாள். கடைசியாக டீச்சரைப் பார்த்தாள். இந்தத் தடவை டீச்சர் உண்மையைச் சொல்லியிருந்தாள். ஆனால் அந்த முகத்தில் நன்றி எதுவும் இல்லை. பெரியவர்கள் முறை வைத்து மாற்றி மாற்றிப் பொய் சொல்லும் ஓர் இடத்தில் தன் முறை வந்திருப்பதைப் புரிந்துகொண்ட முகம்தான் அது.

“நான்தான் எழுதுனேன்,” என்றாள்.

“இப்ப? கையத் தலையில வச்சிக்கிட்டு?” என்று கேட்டது பீர் முகம்மது.

“அது மிஸ் எழுதுனாங்க. மத்த நாளெல்லாம் நான்தான்.”

கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வந்த மாதிரி இருந்தது. யாரோ சிரித்தார்கள். ஓட்டல் முதலாளி, கிறுக்குப் பிடித்த பெண்ணிடம் பிள்ளைகளை விட்டிருக்கிறார்களே என்று அண்ணாச்சியை உரிமையோடு கடிந்துகொண்டார். சற்று நேரத்தில் பெற்றோர் சிலர் அண்ணாச்சியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். காபி உள்ளே போனது. வெளியே வரும்போது, வரும் ஜூனில் நல்ல மெஷின் கொஞ்சம் வாங்குவது, அதுவரை இதைப் பற்றி யாரும் வெளியே பேசாமலிருப்பது என்று முடிவாகியிருந்தது. உள்ளே போன யாரும் சாலோமி சொன்னது பொய் என்று நினைத்துப் போகவில்லை என்பது அதிலிருந்தே தெரிந்தது.

லக்ஷ்மிநாராயணன் மட்டும் போகிற வழியில் அவளருகே நின்றார். “தப்பா எடுத்துக்காதேம்மா. மெட்ராஸ்ல இருக்கற மச்சினன்ல ஆரம்பிச்சு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, கிரீஷுக்குத் தனியா ஒரு கம்ப்யூட்டர்னு. இனிமே அதை எப்படி மாத்திச் சொல்றது?” கொஞ்சம் தயங்கினார். “நீ இங்கிலீஷ்ல எழுதியிருக்க வேண்டாம். படிச்சுட்டு, படிக்காத மாதிரி நிக்கறது ரொம்பக் கஷ்டமா இருந்தது.”

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று பியூன் வந்து சொன்னான். கோமு டீச்சர் கேட் வரை கூட வந்தார். அவளுடைய பையை வாங்கி, பஸ் வந்ததும் ஏற்றிவிட்டார். தடுப்புக்குப் பின்னால் அடுத்த வாரமே வேறொரு பெண் வந்து உட்கார்ந்தாள் என்றும், அவள் குரல் மைக்குக்கு எடுப்பாக இருக்கிறது என்றும் பிறகு அவர்தான் சொன்னார்.

சாலோமிக்கு வேறு பள்ளியில் வேலை கிடைக்கவில்லை. அண்ணாச்சி ஸ்கூலில் இருந்தவளா என்று கேட்டுவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ் அடிக்கும் ஒரு டி.டி.பி. சென்டரில் சேர்ந்தாள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் வேலை. மணமகன், மணமகள், சுற்றமும் நட்பும். யாரும் அவளை எழுப்பிவிட்டுத் தாங்கள் உட்காரக் காத்திருக்கவில்லை. அவளுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், குடையை மடக்கிக்கொண்டு ஆபிதா பீவி உள்ளே வந்தாள். கொழுந்தனுக்கு நிக்காஹ், பத்திரிகை அடிக்க வேண்டும் என்றாள். அவள் தன்னைத் தேடிக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்பது சாலோமிக்குப் பார்த்ததுமே புரிந்தது. மேலப்பாளையத்தில் இல்லாத அச்சகமா.

ஆபிதா பீவி பெயர்களைச் சொல்லி முடித்தாள். பிறகு சாலோமி கேட்டாள். “முஃபீதா எப்படி இருக்கா?”

“ஸ்கூலுக்குப் போறா. நிறுத்தல. முத ராங்க்கு.” ஆபிதா பீவி குடையின் கைப்பிடியைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். “எங்கிட்டதான் பேசமாட்டேங்கா டீச்சர். பேசாமலும் இல்ல. கேட்டா பதில் சொல்லுதா. சாப்பாடு நல்லாருக்கான்னு கேட்டேன். நான் என்ன சொல்லணும் உம்மான்னு கேக்கா. அவ வாப்பா போன் பேசும்போதும், ரிசீவரக் கையால மூடிக்கிட்டு எம் முகத்தப் பாப்பா. நான் சொன்னா அத அப்படியே சொல்லிட்டு வச்சிருவா.”

வெளியே மழை வலுத்தது. சாலோமி திரையில் இருந்த பெயர்களைச் சரிபார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஒருக்கா வீட்டுக்கு வந்து அவகிட்ட பேசுனா...” என்று ஆபிதா பீவி நிறுத்தினாள்.

“வந்து நான் என்ன சொல்லட்டும்?”

சாலோமி கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள் என்பது ஆபிதா பீவிக்குப் புரிந்திருக்கும். முன்பணத்தை மேசையில் வைத்துவிட்டு, பத்திரிகையை வாங்க ஆள் அனுப்புவதாகச் சொன்னாள். படியிறங்குமுன் திரும்பி நின்றாள்.

“வாரேன்னு மட்டும் சொல்லுங்க. வந்தா வாங்க, வராட்டாப் போட்டும்.”

“வாரேன்,” என்றாள் சாலோமி.

போகவில்லை. இரண்டு தடவை மேலப்பாளையம் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போனாள். முஃபீதா தன் முகத்தைப் பார்த்து, நான் என்ன சொல்லணும் மிஸ் என்று கேட்டுவிடுவாளோ என்று நினைத்தபோது பஸ்ஸில் கால் வைக்க முடியவில்லை. பஸ் கிளம்பிப் போனதும் தான் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு நடந்தே திரும்பினாள்.